சிவகாசியில் ஒரு கொள்ளிக்கட்டை

விருதுநகர் பேருந்து நிலையத்தில் நான் இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. புரட்டாசி பாதி போய்விட்டது, இந்த ஊர் வெயிலுக்கு அது தெரியவில்லை. எங்கள் வேதாரண்யம் பக்கத்திலும் வெயில் உண்டு, ஆனால் கடற்காற்று நடுநடுவே வந்து முகத்தைத் துடைத்துவிட்டுப் போகும். இங்கே காற்றும் அடுப்படியிலிருந்துதான் வருகிறது.

மளிகைக் கடையைப் பூட்டிவிட்டு நான் இவ்வளவு தூரம் வந்தது சும்மா ஊர் பார்க்க அல்ல. என் தங்கை வசந்தாவைத் திருத்தங்கலில் கொடுத்திருக்கிறோம். அவள் கணவர் தங்கராஜ் ஆனைக்குட்டம் பக்கம் சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி நடத்துகிறார். அவர்தான் போன் போட்டார். "மச்சான், ஒரு வாரம் வந்து இருந்துட்டுப் போங்க. நீங்க இங்கன இருந்தாத்தான் நல்லது நடக்கும்" என்றார். அவர்களுக்குக் கல்யாண வயதில் ஒரு பெண் இருக்கிறாள். வரன் வந்திருக்கிறது, தாய்மாமனைக் கூப்பிடுகிறார்கள் என்று யார்தான் நினைக்க மாட்டார்கள்? வெறுங்கையோடு போகக் கூடாதென்று பட்டுப்பாவாடைத் துணியும் பழமும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

கார் அனுப்புவதாகச் சொன்ன தங்கராஜ் மாப்பிள்ளையைக் காணவில்லை. பசிக்கு எண்ணெய் பரோட்டா சாப்பிட உட்கார்ந்தேன். எண்ணெயில் பொரித்து, மொறுமொறுவென்று, சால்னாவை ஊற்றினால் சத்தம் போடும் பரோட்டா. அது மட்டும் இந்தப் பயணத்தில் என்னைக் கோபப்படுத்தவே இல்லை. பக்கத்து மேசையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஏலே, நேத்துத் தட்டான் தாழப் பறந்துச்சே, பாத்தியா?"

"பாத்தேன்லே. வயித்தக் கலக்குது."

தட்டான் தாழப் பறந்தால் மழை வரும். மழை வந்தால் எந்த ஊரிலும் கஞ்சி கிடைக்குமென்று சந்தோஷப்படுவார்கள். வயிற்றைக் கலக்குகிற ஊரை அன்றுதான் பார்த்தேன்.

கடைசியில் கார் வரவில்லை, அட்டைப் பெட்டிகளை இறக்கிவிட்டுத் திரும்பும் லோடு வேன் ஒன்று வந்தது. சீட்டில் கம்பி துருத்திக்கொண்டிருந்தது. ஓட்டுநர் வழியில் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கி, சாலையோரத்து எறும்புப் புற்றைக் குனிந்து பார்த்துவிட்டு வந்து ஏறினார். மூன்றாவது தடவை நான் கத்தினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வெகு மரியாதையாகக் கேட்டார்.

"அண்ணாச்சி, முட்டையத் தூக்கிட்டு மேல ஏறுதுக. நீங்கதான மழைய நிறுத்துறவுக?"

"யாருய்யா சொன்னா?"

"முதலாளி சொன்னாக. புயலையே நிறுத்துனவுகளாம்ல."

பையில் இருந்த பட்டுத்துணி என்னைப் பார்த்துச் சிரித்தது.

திருத்தங்கல் வீட்டில் செருப்பைக் கழற்றும் முன்பே சண்டையை ஆரம்பித்துவிட்டேன். "வாங்க மச்சான், சாப்பிட்டீகளா?" என்றார் மாப்பிள்ளை, ஒன்றும் நடக்காதது போல. வசந்தா தண்ணீர்ச் சொம்பை நீட்டிக்கொண்டே, "கோவப்படாதண்ணே. உன் கைராசி எனக்குத் தெரியும்" என்றாள். பெண் மட்டும் பட்டுத்துணியைப் பிரித்துப் பார்த்து, "பாவாடையா மாமா? நான் காலேஜ் முடிக்கப் போறேன்" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

விஷயம் இதுதான். தீபாவளிச் சீசனின் கடைசி ஆர்டர் மாப்பிள்ளையிடம் இருந்தது. வானத்தில் போய்ப் பூவாக விரிகிற வெடிக்குள் வைக்கும் மருந்து உருண்டைகளுக்கு மணிமருந்து என்று பெயர். அதை உருட்டி, திறந்த வெளியில் சிமெண்டு மேடை மேல் பரப்பி, வெயிலில் காயவைக்க வேண்டும். மேடை முழுக்க அது பரப்பியிருந்தது. இன்னும் சில நாள் நல்ல வெயில் அடித்தால் காய்ந்துவிடும். நனைந்தால் அதை விற்கவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது.

"நனைஞ்ச மருந்து கோவக்காரன் மாதிரி மச்சான். எப்பச் சூடாகும்னு யாருக்கும் தெரியாது. இந்த வருசம் எங்கிட்ட இருக்கிறது அம்புட்டும் அந்த மேடையிலதான் கெடக்கு" என்றார். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. எனக்கும் மனசு கொஞ்சம் இளகியது. ஆனால் இளகியதைக் காட்டிக்கொள்ளவில்லை.

இப்போது அந்தப் புயல் கதையைச் சொல்லியாக வேண்டும். வசந்தா சொல்வது பாதிக் கதை.

தலைச்சன் பிள்ளை எரிகிற கொள்ளிக்கட்டையை மழைக்குக் காட்டினால் மழை நின்றுவிடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. சின்னப் பையன், அதுவும் அம்மணமாகக் காட்டினால் இன்னும் விசேஷம். சில வருஷங்களுக்கு முன் பெரும்புயல் எங்கள் கரையைக் கடந்தபோது ஊரே பள்ளிக்கூடத்தில் அடைந்திருந்தது. வடக்கிலிருந்து அடித்த காற்றில் ஓடுகள் வெற்றிலை போலப் பறந்தன. "தலைச்சன் யாருப்பா இருக்கா?" என்று பெண்கள் கேட்க ஆரம்பித்தார்கள். இருந்த ஆம்பிளைகளில் தலைச்சன் நான் ஒருத்தன்தான். ஐம்பது வயதைத் தாண்டியவன், தொப்பை வேறு. துண்டை மட்டும் கட்டிவிட்டு, கஞ்சி காய்ச்சிய அடுப்பிலிருந்து ஒரு கட்டையை உருவிக் கையில் கொடுத்து வாசலில் நிறுத்தினார்கள். புகை கண்ணில் ஏறியது. கொஞ்ச நேரத்தில் காற்று பட்டென்று நின்றது.

வசந்தாவின் கதை இங்கே முடிந்துவிடும். உண்மைக் கதை முடியவில்லை. என்னைத் தோளில் தூக்கிக் குதித்தார்கள். என் கடைக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்த சேகர், "அண்ணன்தான் நிறுத்திட்டாரே, நான் போயி மாட்டை அவுத்துவிட்டுட்டு வந்துடுறேன்" என்று சிரித்துக்கொண்டே போனான். இன்னும் சிலரும் போனார்கள். பேய்க்காற்று பாதியில் மூச்சு வாங்கும், அப்போது கதவைத் திறக்காதே என்று எங்கள் கடற்கரையில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் சொல்லித்தான் வளர்ப்பார்கள். கொள்ளிக்கட்டைக் கூத்தில் அது ஒருத்தருக்கும் நினைவு வரவில்லை. பிறகு தெற்கிலிருந்து திருப்பி அடித்தது பாருங்கள், முதல் காற்று அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. சேகரைத் தென்னைமரத்துக்கு அடியிலிருந்து எடுத்தோம். அவன் கடைப் பலகை இன்னும் என் கடைக்கு எதிரேதான் இருக்கிறது. ஒவ்வொரு காலையும் ஷட்டரைத் தூக்கும்போது அதைத்தான் பார்க்கிறேன்.

இதை மாப்பிள்ளையிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்ப மொதல்ல நின்னுச்சுல்ல மச்சான்?" என்றார். இந்த மனுஷனை என்ன செய்வது!

மறுநாள் வசந்தா என்னை இருக்கன்குடிக்கு இழுத்துப்போனாள். நாங்கள் ஏறிய பேருந்து சாத்தூருக்கு முன்பே மூச்சை விட்டது. இறங்கித் தள்ளினோம். பிள்ளை பிறந்ததற்காக மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்ட கரும்போடு இருந்த ஒரு குடும்பம் கரும்பை என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளப் போனது, அதன் பிறகு அதை வாங்கிக்கொள்ள மறந்தே போனது. கோயில் வரைக்கும் யாரோ பெற்ற பிள்ளைக்காக நான் கரும்பு சுமந்தேன். சாத்தூர் வெள்ளரிப்பிஞ்சு வாங்கித் தின்ன ஒரு கை மிச்சம் இல்லை.

மாரி என்றாலே மழை. அவளிடம் போய் மழை வேண்டாம் என்று கேட்பது, பால்காரனைக் கூப்பிட்டு வைத்துப் பால் வேண்டாம் என்பது போலத்தான். என் தங்கை அதைத்தான் கேட்டாள், சத்தமாகவே. "ஆத்தா, லோடு போற வரைக்கும் பொறுத்துக்க." அவள் தோளை இடித்துக்கொண்டு நின்ற ஒரு கிழவர், "ஆத்தா, காடு காயுது, ஒரு மழ குடு" என்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள்.

அங்கேதான் முத்துலட்சுமியைப் பார்த்தேன். மாப்பிள்ளை கம்பெனியில் மணிமருந்து மேடையைக் கவனித்துக்கொள்பவள். நாற்பது வயதிருக்கும், வசந்தாவைக் கண்டதும் பூவில் பாதியைக் கிள்ளிக் கொடுத்தாள். அவள் கணவர் மானாவாரியாக மக்காச்சோளம் போட்டிருக்கிறார் என்று வசந்தா சொன்னாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"நீ ஆத்தாகிட்ட என்னம்மா கேட்ட? மழை வேணும்னா, வேண்டாம்னா?"

"எங்க காட்டுல பெய்யணும், மேடையில பெய்யக்கூடாதுன்னு கேட்டேன் அண்ணாச்சி."

"ரெண்டுக்கும் எவ்வளவு தூரம்?"

"ரோட்டுக்கு அங்கிட்டு ஒண்ணு, இங்கிட்டு ஒண்ணு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கரும்பு அப்போதும் என் கையில்தான் இருந்தது.

அதற்கடுத்த நாள் கம்பெனியைப் பார்க்கக் கூட்டிப்போனார் மாப்பிள்ளை. கேட்டில் காவலாளி என் போனை வாங்கிவைத்தார், பாக்கெட்டுகளைத் தடவினார், சுவரில் பதித்த செப்புத் தகட்டில் உள்ளங்கையை வைக்கச் சொன்னார். உடம்பில் இருக்கும் மின்சாரம் அதில் இறங்கிவிடுமாம். எனக்குள்ளே இருந்தது அத்தனையும் எரிச்சல்தான், அது எந்தத் தகட்டிலும் இறங்காது.

அந்த நேரத்தில் அட்டைப்பெட்டி ஏற்றி வந்த வெளியூர் ஆள் ஒருவன், வாயில் பீடியோடு கேட்டுக்கு எதிரே வந்து நின்றான். அவ்வளவுதான். உள்ளே வந்துகொண்டிருந்த பெண்கள் நின்ற இடத்தில் நின்றார்கள். காவலாளி கேட்டை இழுத்துச் சாத்தினார். "திறப்பா, நான்தான்" என்று மாப்பிள்ளை காருக்குள்ளிருந்து கத்தினார். காவலாளி அசையவில்லை. பீடி அணைந்து, அணைத்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, அந்த ஆள் சாலைக்கு அந்தப் பக்கம் போன பிறகுதான் கேட் திறந்தது. "தீ கண்ணுல பட்டா முதலாளியாவது, மந்திரியாவது" என்றார் காவலாளி. இந்த ஊரில் எனக்குப் பிடித்த முதல் ஆள் அவர்.

அப்போதுதான் மாப்பிள்ளைக்கு ஒன்று உறைத்தது.

"மச்சான், கொள்ளிய எங்கன நின்னு காட்டுறது?"

என்னைக் கூப்பிட்டு, வேனில் ஏற்றி, கோயிலுக்கு அனுப்பி, எல்லாம் செய்தவருக்கு, பட்டாசுக் கம்பெனிக்குள் கொள்ளிக்கட்டை கொண்டுபோக முடியாது என்பது மட்டும் தோன்றவே இல்லை. வீட்டு மாடியில் காட்டலாமென்றால் பக்கத்து வீட்டு மாடி நிறைய அச்சடித்த காகிதம். வீட்டில் விறகும் இல்லை, கேஸ் அடுப்புதான். வசந்தா லைட்டரைக் கொண்டுவந்து, "இதைக் காட்டினா ஆகாதாண்ணே?" என்றாள். கடைசியில் கம்பெனிக்கு எதிரே, சாலையைத் தாண்டிக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் டீக்கடை என்று முடிவானது. அங்கே இன்னும் கருவேல விறகு அடுப்பு.

அன்று சாயங்காலம் நிலாவைச் சுற்றி அகலமாக வட்டம் கட்டியிருந்தது. அகல வட்டம் பகல் மழை. தெருவே அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போனது.

மறுநாள் மதியத்துக்கு மேல் மேற்கே மலைப்பக்கம் கறுத்தது. முதல் இடி கேட்டதும் கம்பெனியில் மணி அடித்துவிட்டார்கள். இடி கேட்டால் வேலையைப் போட்டது போட்டபடி எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும், அது இங்கே எல்லாக் கம்பெனிக்கும் உள்ள வழக்கம். மேடையின் மேல் படுதாவை மட்டும் இழுத்துவிட்டுப் பெண்கள் டீக்கடைக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார்கள். முத்துலட்சுமி சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "படுதா பழசு அண்ணாச்சி. நாலு தூத்தல் தாங்கும், மழ தாங்காது" என்றாள்.

மாப்பிள்ளை அடுப்பிலிருந்து ஒரு கருவேலங்கட்டையை உருவி என் கையில் கொடுத்தார். என்னால் மறுக்க முடியவில்லை. வேட்டி சட்டையோடு, டீக்கடை வாசலில், முப்பது பேர் பார்க்க, வானத்துக்குக் கொள்ளி காட்டினேன். மானம் போனது. நாலு தூறல் விழுந்தது. பிறகு நின்றது.

நின்றதோடு விட்டதா? மேகம் விலகிச் சுள்ளென்று வெயில் அடித்தது.

"அண்ணாச்சி நிறுத்திட்டாக!" என்று கொட்டகையே கூவியது. டீக்கடைக்காரர் என் கன்னத்தைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டார். மாப்பிள்ளைக்குக் கண்ணில் தண்ணீர். "ஓடுங்க, ஓடுங்க! இப்பவே மேடையில இருக்கிறத அள்ளி அறையில வச்சிருவோம். முத்துலட்சுமி, நீ முன்னாடி போ" என்றார். அவள் ஏற்கெனவே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாலையில் இறங்கியிருந்தாள்.

மேற்கிலிருந்து வந்த காற்று சுத்தமாக நின்றிருந்தது. ஒரு இலை அசையவில்லை. காக்கைச் சத்தம் இல்லை. கிழக்கிலிருந்து ஈர மண் வாசத்தோடு மெல்ல ஒரு மூச்சு வந்தது. இந்த அமைதி எனக்குத் தெரியும். அந்தப் பள்ளிக்கூட வாசலில் இதே அமைதியில்தான் என்னைத் தோளில் தூக்கினார்கள்.

"போவாதீங்க! இன்னும் முடியலை! மூச்சு வாங்குது, திரும்பி வரும்!" என்று கத்தினேன்.

"அதான் நீங்க நிறுத்திட்டீகளே மச்சான்!"

மழையை நிறுத்தியவன் சொல்வதை யார் கேட்பார்கள்? சேகர் சிரித்துக்கொண்டு போனது போலவே அவர்களும் சிரித்துக்கொண்டு போனார்கள். எனக்கு வந்த கோபத்தில் என்ன செய்கிறேன் என்றே தெரியவில்லை. கையில் கட்டை கனன்றுகொண்டுதான் இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொப்பை குலுங்க, அத்தனை பேரையும் தாண்டி ஓடினேன். சாலையோரமாக, கேட்டுக்கு வெளியே, நெருப்போடு குறுக்கே நின்றேன்.

காவலாளி ஒரு கணம் என்னைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார், கேட்டை இழுத்துச் சாத்தினார். பெண்கள் சாலையின் நடுவில் நின்றுவிட்டார்கள். முத்துலட்சுமி தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை.

"மச்சான்! உங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? தீயத் தூரப் போடுங்க!"

"போட மாட்டேன். இவங்களை டீக்கடைக்கே திரும்பக் கூட்டிட்டுப் போ. அப்பத்தான் நகருவேன்."

"எம் பொழப்பே உள்ள கெடக்கு மச்சான்!"

"கெடக்கட்டும்யா!"

அவர் என்னை அறைந்திருப்பார். அறைய வேண்டுமானால் தீயின் பக்கத்தில் வர வேண்டும், அது அவரால் முடியவில்லை. அவர் வாயில் வந்ததையெல்லாம் நான் இங்கே எழுத முடியாது, என் தங்கை படிப்பாள். நானும் சும்மா இருக்கவில்லை. இருவரும் அப்படிக் கத்திக்கொண்டிருக்கும்போதே கிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது. பெண்களே முதலில் அதைப் பார்த்தார்கள். ஒருத்தி பின்வாங்கினாள், பிறகு எல்லோரும். கடைசியாக மாப்பிள்ளை. காவலாளி பின்பக்கச் சந்து வழியாக வெளியே வந்து என் சட்டையைப் பிடித்துச் சாலைக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடினார். கட்டையை வழியிலேயே சாக்கடைத் தண்ணீரில் எறிந்தேன்.

கொட்டகைக்குள் கால் வைக்கும்போது மின்னல் வெளிச்சம் கண்ணைப் பறித்தது. இடிச் சத்தமும் மேடை வெடித்த சத்தமும் ஒன்றாகத்தான் கேட்டன. தரை ஒரு முறை தூக்கிப்போட்டது. டீக்கடைக் கண்ணாடி டம்ளர்கள் எல்லாம் விழுந்தன. கேட்டுக்கு அந்தப் பக்கம் சிவப்பும் பச்சையுமாக, வானத்தில் விரிய வேண்டியதெல்லாம் தரையிலேயே விரிந்து முடிந்தது. பிறகு மழை கொட்டியது. அந்தி மழை அழுதாலும் விடாது என்பார்கள், விடவில்லை.

மாப்பிள்ளை அழவில்லை. கொட்டகைக்குள் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். கண்ணெதிரே நிற்கிறார்கள், ஆனாலும் கூப்பிட்டார். "முத்துலட்சுமி." "இங்கன இருக்கேன் முதலாளி." எல்லோரும் பதில் சொன்ன பிறகு முதலிலிருந்து இன்னொரு முறை கூப்பிட்டார். பிறகு ஈரத் தரையில் உட்கார்ந்து என் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டார். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

விடிந்தபோது கதை மாறிவிட்டது. அண்ணாச்சி மழையை நிறுத்தினார், இடியை மேடைக்குத் திருப்பிவிட்டு ஆட்களைக் காப்பாற்றினார் என்று பால்காரர் வசந்தாவிடம் சொன்னார். அவள் மறுத்தாளா? "எங்கண்ணன் தலைச்சன்ல" என்றாள். தலையில் அடித்துக்கொண்டு பையைத் தூக்கினேன். மாப்பிள்ளை பேருந்து நிலையம் வரை வந்தார். சரக்குப் போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "எண்ணெய் பரோட்டா பிடிக்கும்னு வசந்தா சொன்னா" என்று ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

பேருந்து கிளம்பும் நேரத்தில் முத்துலட்சுமி ஜன்னலோரம் ஓடிவந்தாள். சாத்தூர் காராச்சேவு ஒரு பை நிறைய. "எங்க காட்டுல நல்ல மழ அண்ணாச்சி. சோளம் தலை தூக்கிருச்சு" என்றாள். பிறகு, "அடுத்த சீசனுக்கும் வந்துருங்க" என்றாள்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்மா, உனக்குமா? நான் எந்த மழையை நிறுத்தினேன், சொல்லு பார்ப்போம்!"

"மழ கெடக்கட்டும். வாசல்ல மறிச்சு நிக்க ஒரு ஆளு வேணும்ல?" என்றாள். சிரிக்கவில்லை.

பேருந்து கிளம்பிவிட்டது. விருதுநகர் வரும்வரை எனக்குக் கோபம் அடங்கவில்லை. பாவாடைத் துணிக்குச் சிரித்தார்கள், கரும்பு சுமக்க வைத்தார்கள், ஊர் முன்னால் கொள்ளி காட்ட வைத்தார்கள். போதாததற்கு, வருகிற புரட்டாசியில் கடையை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்று என்னை இப்போதே யோசிக்கவும் வைத்துவிட்டார்கள்.